கட்டிலா, தரையா?

புருஷன்காரன் மூன்றாவது முறையும் அதையே சொன்னான். "கட்டில்லதான் சிஸ்டர் படுத்திருந்தா."

நர்ஸ் நம்பவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லுகிற ஆளை அவள் என்றைக்கும் நம்பியதில்லை.

விடிந்ததிலிருந்து வயிற்றுவலி என்று மனைவியைக் கூட்டி வந்திருந்தான். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வாயுத் தொல்லை என்று இரண்டு மாத்திரை எழுதிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவர்கள் கிளம்பியிருக்க வேண்டியது.

அந்தப் பெண்ணால் மாத்திரையை விழுங்க முடியவில்லை. தண்ணீர் கடைவாயில் வழிந்தது.

நர்ஸுக்குச் சுருக்கென்றது.

முதலில் சந்தேகம் அவன்மேல்தான் போயிற்று. பாவி, எதையாவது கலந்து கொடுத்துவிட்டானோ? வாயைத் துடைத்துவிடுகிற சாக்கில் குனிந்து மோந்து பார்த்தாள். பூச்சிமருந்து வாடை இல்லை.

தலைக்கு மேலே இருந்த மின்விசிறியையே பார்க்கச் சொன்னாள். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இமைகள் இறங்கின. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னாள். ஏழுக்கு மேல் போகவில்லை.

போன மாதப் பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். தரையில் படுத்தவர் காலையில் வயிற்றுவலி என்று வந்தால் முதலில் கண்ணிமையைப் பாருங்கள். கட்டுவிரியன் பாம்பு கடித்தால் பல்தடம்கூடத் தெரியாது. தூக்கத்தில் கடிபட்டவருக்கே தெரியாமல் போகும்.

இவனோ கட்டில், கட்டில் என்கிறான். கட்டிலில் படுத்தவளுக்கு விஷமுறிவு மருந்து ஏற்றலாமா என்று கேட்டால் டாக்டர் நர்ஸைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்.

"உங்க வீட்டு விவகாரம் எனக்கு வேண்டாங்க. நீங்க மறைச்சா இவங்க மூச்சு நின்னுடும். கட்டிலா, தரையா?"

அவன் முகம் தொங்கிப்போயிற்று. ராத்திரி சண்டை. கோபத்தில் தலையணையைத் தரையில் வீசி, அங்கே போய்ப் படு என்றிருக்கிறான். அதைச் சொல்ல வெட்கம். கொலைகாரன் என்று அவள் நினைத்த ஆள் வெறும் முன்கோபி.

நர்ஸ் வார்டுக்கு ஓடினாள். டாக்டர் வந்து இமையைப் பார்த்தார். மறுபேச்சுப் பேசவில்லை. பத்துக் குப்பி மருந்து கரைந்து சொட்டத் தொடங்கியது. மூச்சு தடுமாறினால் அமுக்கிவிட ரப்பர் பையும் தலைமாட்டுக்கு வந்துவிட்டது.

நர்ஸுக்கு அப்பாடா என்றிருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மணி பத்தரை.

அந்தப் பெண் விரலை அசைத்துக் கூப்பிட்டாள். நாக்குக் குழறியது. நர்ஸ் காதை அவள் வாயருகே கொண்டுபோனாள்.

"பாப்பாவும்... எங்கூடதான் படுத்திருந்தா."

நர்ஸ் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"அவளை எழுப்பிப் பாத்தோம் சிஸ்டர், எந்திரிக்கல," என்றான். "சரி, தூங்கட்டும்னு கதவச் சாத்திட்டு வந்துட்டோம்."