இருநூற்றுப் பதினேழாவது படி

இருநூற்றுப் பதினேழாவது படியில் என் கொள்ளுத் தாத்தா இருந்தார்.

'கிறிஸ்தவன் யோபு உபயம், 1877.'

மற்ற எழுத்தெல்லாம் தேய்ந்திருக்க, 'கிறிஸ்தவன்' மட்டும் பளிச்சென்று இருந்தது. முருகன் ஆளை மாற்றி நினைத்துவிடக் கூடாதே என்று, அதை மட்டும் ஆழமாக வெட்டச் சொல்லியிருப்பார் மனுஷன்.

எதிர்வீட்டுத் தறிக்காரர் பரந்தாமன்தான் காலையில் போன் செய்தார். படித் திருவிழாவுக்காக நேற்று படிகளைத் தேய்த்துக் கழுவியபோது கண்ணில் பட்டதாம்.

"பெர்சிஸ் டீச்சர், உங்க தாத்தா பேரு எங்க படியில கீதுங்க."

முக்காடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியாக எண்ணி ஏறி வந்தேன். பிறந்து வளர்ந்தது இதே திருத்தணியில். மலை ஏறுவது இதுதான் முதல் தடவை.

வரும் வருடம் எங்கள் சபைக்கு நூற்றைம்பது. சபையைத் தொடங்கிய வெள்ளைக்காரத் துரையின் பெயருக்குக் கீழே, இங்கே முதலில் ஞானஸ்நானம் பெற்றவரின் பெயரும் கல்வெட்டில் வரப்போகிறது. அது எங்கள் யோபுவா, ஆபேல் வீட்டு ஸ்தேவானா என்று சண்டை. பதினோரு மாதமாக இரண்டு குடும்பமும் பேசிக்கொள்வதில்லை. பழைய பதிவேட்டைச் செல் அரித்துவிட்டது. வருடம் போட்ட ஆதாரம் யாருடையது முந்தியதோ அவருக்கே கல்வெட்டு என்று ஆயர் சொல்லிவிட்டார்.

ஆதாரம் கிடைத்துவிட்டது. முருகன் கோயில் படியில்.

விழா மலரில் யோபுவைப் பற்றி நானே எழுதிக் கொடுத்திருந்தேன்: 'ஞானஸ்நானம் பெற்ற நாள் முதல் மலைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்.' மலர் அச்சுக்குப் போய் நான்கு நாளாகிறது. பாவி மனுஷன், தலை என்ன தலை, முழுப் படியையே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

போனில் படம் எடுத்தேன். காட்டினால் ஜெயிப்பேன், அப்புறம் சபையில் தலைகாட்ட முடியாது.

அழித்தேன்.

கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்த ஆள் இருமினார். வெயில் ஏறிய பிறகும் குரங்குக் குல்லா. குல்லாவுக்குள் எங்கள் சபைச் செயலர் ஆபேல்.

பரந்தாமன் நல்ல மனிதர். ஒரு வீட்டுக்கு மட்டும் போன் செய்யமாட்டார்.

ஆபேலின் வேட்டி ஓரத்தில், படிக்கல்லில் 'ஸ்தே' என்று இரண்டு எழுத்து எட்டிப் பார்த்தது.

"டீச்சர், கல்வெட்டுல துரை பேரு மட்டும் போட்டுக்கலாம்ங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

தோற்றவர்தானே முதலில் சமாதானம் பேசுவார். அவர்மேல் எனக்கு இரக்கமாகக்கூட இருந்தது. ஜெயித்தவள் விட்டுக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவாள்?

"ஆங்" என்றேன், பெரிய மனசு பண்ணி.

மஞ்சள் கிண்ணத்தோடு ஒவ்வொரு படிக்கும் பொட்டு வைத்தபடி ஏறி வந்த பெண், ஆபேலின் முன்னால் வந்து நின்றாள்.

"கொஞ்சம் நவுரு நைனா, இந்தப் படி ஒண்ணுதான் வுட்டுப்போவுது."

முழங்கால் வலி என்றார். அவள் நகரவில்லை. கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டே எழுந்தார்.

அவள் மூன்று விரலால் மஞ்சள் இழுத்து, வருடத்துக்குப் பக்கத்தில் குங்குமம் வைத்தாள்.

1876.

ஆபேல் குல்லாவைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் இறங்கிப் போனார்.