ஆறாவது கவர்

தொம்மலூர் அலுவலகத்தில் சாந்தகுமாரி கவர்களைப் பிரித்தாள். அத்திபெலே பக்கத்துத் தோப்பில் தேவாங்குகள் எத்தனை மிச்சம் என்று ஐந்து நிபுணர்களைக் கேட்டிருந்தாள். ஒருவரோடொருவர் கலந்து பேசாமல், அனுபவத்தை வைத்து ஓர் எண்ணையும், அது எத்தனை சதவீதம் நிச்சயம் என்பதையும் எழுத வேண்டும். சராசரி ஐம்பதுக்குக் குறைந்தால், அழியும் நிலையில் இருக்கின்றன என்று தோப்பை வெட்டமாட்டார்கள்.

கவர்கள் ஆறு இருந்தன. ஆறாவதில் பெயர் இல்லை. எண்ணிக்கை நான்கு, நிச்சயம் நூறு சதவீதம்.

"யாரு மேடம் இந்த ஆறாவது ஆசாமி?" என்றான் டைப்பிஸ்ட் ராகேஷ்.

"எந்த எக்ஸ்பர்ட்டுப்பா நூறுன்னு எழுதுவான்? அவனவன் எழுபதுக்கே இழுக்கறான். எடுத்துப் போடு."

அதைச் சேர்த்தால் சராசரி நாற்பத்தொன்பது, சேர்க்காவிட்டால் ஐம்பத்தெட்டு. இரக்கப்பட்டுக் கணக்கை வளைத்தோம் என்று பின்னால் தனக்கே தோன்றிவிடக் கூடாது என்று நினைத்தாள். ஐம்பத்தெட்டு என்று எழுதினாள்.

இரண்டு மாதத்தில் தோப்பை வெட்டினார்கள். அவள் போனபோது காவலாளி ராஜேந்திரன் சாக்கை விலக்கிக் காட்டினார். நான்கு சின்ன உடல்கள், கண்கள் திறந்தபடி கிடந்தன.

"மிச்சத்தைத் தேடச் சொல்லட்டாம்மா? அம்பத்தெட்டுன்னு போட்டிருக்காங்களாமே."

சாந்தகுமாரி வேண்டாம் என்றாள்.