ஓசிப் பாட்டு

"மாப்பிள்ளை, இந்த மாசம் எந்தப் பேர்ல பாட்டு கேக்கறீங்க?"

ஓய்வுபெற்ற பதிவாளர் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தபடி கேட்டார். பாட்டுச் செயலியில் ஒரு மாத இலவசம் முடிந்ததும், புதுப் பெயரில் புதுக் கணக்குத் தொடங்குவது மருமகனின் வழக்கம்.

"எங்க பேரெல்லாம் தீர்ந்துபோச்சு மாமா. நேத்து உங்க நம்பரைப் போட்டுப் பார்த்தேன். நீங்க ஏற்கெனவே ஒரு குடும்பத் திட்டத்துல இருக்கீங்களாம். இலவசம் கிடையாதுன்னுட்டான்."

"காசு கட்டிக் கேக்கறவனுக்கு எதுக்கு ஓசி? பேரை மாத்தி ஊரை ஏமாத்தற புத்தி எங்க வம்சத்துக்கே கிடையாது. வெளிய தெரிஞ்சா காறித் துப்புவான்."

மருமகன் தலையைச் சொறிந்தான்.

"யாருப்பா உங்களுக்குக் கட்டறது?" என்றாள் மகள்.

"உங்கம்மாதான் ஏற்பாடு பண்ணினா. இதோ பாரு, நாணயமா நடக்கற குடும்பம் எப்படின்னு!"

பெருமையாகச் செயலியைத் திறந்தார். திரையில் ஓர் அறிவிப்பு இருந்தது.

'குடும்பத் திட்டம் ஒரே வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே. பணம் கட்டுபவரின் கீழ்க்காணும் முகவரியில் நீங்களும் வசிப்பதை உறுதி செய்யாவிட்டால் இன்றே பாட்டு நின்றுவிடும்.'

கீழே இருந்தது, தன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அவர் தலைமுழுகிய மகனின் முகவரி. நான்கு வருடங்களாக அவர் அந்தத் தெருப் பக்கம்கூடப் போனதில்லை.

"என்னப்பா போட்டிருக்கு?"

"ஏதோ விளம்பரம்" என்றவர், முதுகைத் திருப்பிக்கொண்டு, 'ஆம், இங்குதான் வசிக்கிறேன்' என்பதை அழுத்தினார்.