மஞ்சள் பூசின பேப்பர்

“ஆருக்கம்மா கலியாணம்?”

காளி கோயிலடியில என்ர ஓட்டோவில ஏறின அம்மாவின்ர மடியில ஒரு பேப்பர். நாலு மூலையிலயும் மஞ்சள். கலியாணக் காட்டெண்டுதான் நினைச்சன்.

“கலியாணமில்லைத் தம்பி. டிவோஸ் பேப்பர். அம்மன்ர காலடியில வைச்சு எடுத்துக்கொண்டு வாறன். சீல் குத்த வேணும், அரசாங்கக் கச்சேரிக்கு விடு.”

பிள்ளை பிரிஞ்ச பேப்பருக்கு மஞ்சள் பூசுற தாயை இப்பதான் காணுறன். முகத்தில சிரிப்பு வேற! உலகம் கெட்டுப்போச்சு எண்டு நினைச்சுக்கொண்டு ஸ்ராட் பண்ணினன்.

ஆனா என்ர வாய் சும்மா கிடக்காதே.

“அவ்வளவு சந்தோசமோ அம்மா?”

“பின்ன? கீர்த்தனிப் பிள்ளை கனடாவில நல்ல பொடியன் ஒருத்தனைப் பாத்திட்டாள். அங்க கலியாணம் பதியிறதுக்கு இந்தப் பேப்பரும், இதின்ர இங்கிலீஷ் பேப்பரும், ரெண்டிலயும் வெளிநாட்டு அமைச்சின்ர சீலும் வேணுமாம். போன கிழமை கொண்டு போனன். இது முதல் தீர்ப்பு, கடைசித் தீர்ப்பைக் கொண்டு வாங்கோ எண்டு அனுப்பிப்போட்டினம். இண்டைக்கு அதோடதான் வாறன். நாளைக்குக் கனடா போற ஆளிட்டக் குடுக்கேல்லையெண்டா பதிவு நாள் தவறிப்போம்.”

“பழைய மாப்பிள்ளை எப்பிடி?”

“குடி. குடிச்சா அடி.”

விடுவனோ நான்? நெஞ்சை நிமித்தி, அந்தக் குடிகார மாப்பிள்ளை மாதிரிக் குரலைத் தடிப்பாக்கி, “அடியேய் கீர்த்தனி! நான் ஆரெண்டு தெரியுமோடி? என்னைக் கண்டா திருகோணமலையே எழும்பி நிக்கும்!” எண்டன்.

அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா.

“குரல் தடிப்பில்லைத் தம்பி. மூக்காலதான் கதைக்கிறவன். கடைசிச் சொல்லை இழுப்பான்.”

மூக்கால இழுத்தன். “எழும்பி நிக்கு...ம்!”

“ஓம் ஓம்! அவனேதான்!” எண்டு கண்ணைத் துடைச்சா.

மருமகனை இவ்வளவு நுணுக்கமாப் பாத்து வைச்சிருக்கிற மாமியை நான் கண்டதில்லை.

கச்சேரிக்குள்ள அமைச்சின்ர கவுண்டரில இருந்த மிஸ் பேப்பரை ரெண்டு விரலால தூக்கிப் பாத்தா.

“அம்மா, இதென்ன கறி பட்டிருக்கோ?”

“கறியில்லை மகள், மஞ்சள். நல்ல காரியமெல்லோ!”

“இதில சீல் குத்தேலாதம்மா. ஏதோ பூசி எழுத்தை மாத்தியிருக்கெண்டு அங்க சந்தேகப்படுவினம். கோட்டில வேற பிரதி எடுங்கோ. பன்னிரண்டு மணிக்கு முன்னம் வந்தா இண்டைக்கே முடிச்சுத் தரலாம்.”

அம்மாவின்ர முகம் செத்துப்போச்சு. “ஐயோ, என்ர கையாலயே பிள்ளையின்ர கலியாணத்தைக் கெடுத்துப்போட்டன்!”

“அழாம ஏறுங்கோ அம்மா!”

பறந்தம். கோட்டில கிளாக்கர் மஞ்சளைப் பாத்தார், அம்மாவைப் பாத்தார். “டிவோசுக்கு மஞ்சள் பூசின முதல் ஆள் நீங்கள்தான்” எண்டு சொல்லிச் சொல்லியே புதுப் பிரதி எடுத்து, கையெழுத்தும் வாங்கித் தந்தார்.

இங்கிலீஷ் பேப்பர் தப்பிச்சுது. அம்மனுக்கு இங்கிலீஷ் விளங்காதெண்டு அதில பூசேல்லையாம்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிசம் இருக்க, திரும்பவும் கவுண்டர். மிஸ் ஃபோம் நிரப்பினா.

“உங்களை அனுப்பினதெண்டு கீர்த்தனி எழுதின கடிதம் இருக்கு, சரி. நீங்கள் அவவின்ர அம்மாதானே?”

“இல்லை மகள்.”

“அப்ப என்ன முறை?”

“அதில எதிராளியெண்டு ஒரு பேர் கிடக்கெல்லோ, தர்சன் எண்டு... அவன்ர அம்மா.”

மிஸ்சின்ர பேனை நிண்டுபோச்சு.

பெத்த தாயை ஏத்தி வைச்சுக்கொண்டு, அவவின்ர பிள்ளையையே வழி நீட்டு நக்கலடிச்சிருக்கிறன்!

‘டொக்’ எண்டு சீல் விழுந்துது. அம்மா பேப்பரை வாங்கிக் கண்ணில ஒத்தினா.

திரும்பி வரேக்க நான் வாயே திறக்கேல்லை. என்ர சரித்திரத்தில முதல் தரம்.

மான் மேயிற கடற்கரை ரோட்டில அம்மாதான் துவங்கினா. “ஏன் தம்பி, வாயின்ர பற்றரி இறங்கிட்டுதோ?”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. உங்கட மகனெண்டு தெரியாமல்...”

“நீ பிழையா என்ன சொன்னனி? அவன் அடிச்சதைக் கோட்டில ஏறிச் சாட்சி சொன்னதே நான்தான். அண்டையில இருந்து அவன் என்னோட கதைக்கிறேல்லை. ரெண்டு வருசமாச்சு.”

“கவலையில்லையோ அம்மா?”

“கீர்த்தனி ஒவ்வொரு ஞாயிறும் கோல் எடுப்பாள். இப்பவும் மாமியெண்டுதான் கூப்பிடுறாள். அது காணும் எனக்கு.”

உண்மையாவே சந்தோசமாத்தான் சொன்னா. கொஞ்சத் தூரம் போக, பின்னால இருந்து மெல்லமாக் கேட்டா.

“தம்பி, அந்தக் குரலை இன்னொருக்காச் செய்து காட்டுவியோ?”

குடிகாரக் கதை வாயில வரேல்லை. மூக்காலதான் கதைச்சன். கடைசிச் சொல்லை இழுத்தன்.

“அம்மா, சாப்பிட்டியளோ...ஓ?”

பின்னால மூக்கை உறிஞ்சுற சத்தம். அதுக்குப் பிறகு ஒரு சின்னச் சிரிப்பு.

“ஓமடா, சாப்பிட்டன். நீ முன்னுக்குப் பாத்து ஓடு, ரோட்டில மான் நிக்குது.”