நடுங்காத கைகள்

"கை ரெண்டும் மேசை மேலயே இருக்கட்டும் சார். நீங்க பேசுறதை நான் கேட்டுக்கிறேன், கையை மெஷின் பார்த்துக்கும்."

கணினித் திரையில் தெரிந்த மேலாளர் அம்மாள் சொன்னதும் அவர் தலையாட்டினார். தொளதொளவென்று முழுக்கைச் சட்டை, புது டை. வியர்வை மட்டும் பழையது.

பதினெட்டு வருடம் பம்புசெட் தொழிற்சாலையில் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தவர். தொழிற்சாலையை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது. அதற்குள் நான்கு நேர்முகத் தேர்வுகள். நான்கிலும் வாய் தேறியது, கை காலை வாரிவிட்டது. புது ஆள் முன்னால் பேசினால் அவருக்குக் கை நடுங்கும். ஆள் எடுக்கும் நிறுவனங்கள் எல்லாம் இப்போது வாங்கி வைத்திருக்கும் செயற்கை நுண்ணறிவோ, கையசைவைப் பார்த்தே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுமாம். போன தடவை அவர் தன் பெயரைச் சொன்னதற்கே 'பொய்' என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டது.

இன்றைக்குக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் புகார்ப் பிரிவு அதிகாரி வேலை.

"கோபமா வர்றவங்களை எப்படிச் சமாளிப்பீங்க?"

"முதல்ல அவங்க சொல்றதை முழுசாக் கேட்பேன் மேடம். அப்புறம்..."

ராத்திரியெல்லாம் உருப்போட்டது சுத்தமாக மறந்து போயிற்று.

வலது கை நிதானமாக எழுந்தது. உள்ளங்கை கேமராவுக்கு நேராக வந்து நின்றது.

"அப்புறம்... கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லுவேன்."

ஏதோ கேட்க வாயெடுத்த மேலாளர் அம்மாள் சட்டென்று நிறுத்திக்கொண்டார். "எனக்கே அப்படியே நின்னுடணும்போல இருக்கு சார். தலைமைப் பண்பு நூத்துக்குத் தொண்ணூத்தாறுன்னு காட்டுது. எங்க எம்.டி.க்கே நாற்பத்தொண்ணுதான்."

அம்மாள் அடுத்த கேள்விக்குப் போனார்.

"பழைய வேலையை ஏன் விட்டீங்க?"

மூடிவிட்டார்கள் என்றால் ராசியில்லாத ஆள் என்று நினைத்துவிடுவார்களோ? "எனக்கு அந்த இடம் பத்தலை மேடம். வேண்டாம்னு நானே எழுதிக் கொடுத்துட்டேன்."

பச்சைப் பொய். மேசை மேல் கைகள் கல்லாய்க் கிடந்தன.

"உண்மைன்னு பச்சை விழுந்திருக்கு. இந்தக் காலத்துல இப்படி ஒருத்தரைப் பார்க்கிறதே அபூர்வம் சார்."

"முகம் கொஞ்சம் வேர்க்குது மேடம், தப்பா எடுத்துக்காதீங்க."

"முகத்தை மெஷின் சேர்த்துக்காது. வாய் பொய் சொல்லும், கை சொல்லாது. இதுதான் எங்க கொள்கை."

"வாஸ்தவம்தான் மேடம்."

அம்மாள் திரையில் எதையோ தட்டினார். "வேலை உங்களுக்குத்தான். திங்கட்கிழமை சேர்ந்துடுங்க. ஆபீசுக்கு வர வேண்டாம், வீட்டுல இருந்தே பார்க்கலாம். காலையில ஒன்பதுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் கேமரா முன்னாடி உட்காரணும், அவ்வளவுதான். மெஷின் உங்க கையைப் பார்த்துக்கிட்டே இருக்கும்."

திரை அணைந்தது. பதினோரு மாதமாக அடக்கி வைத்திருந்தது கண்ணில் முட்டிக்கொண்டு வந்து கன்னத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட முடியாமல் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் இவ்வளவு நேரமும் முழங்காலிட்டிருந்த மனைவி, அவருடைய சட்டைக் கைகளுக்குள்ளிருந்து தன் இரண்டு கைகளையும் உருவிக்கொண்டு எழுந்து, ஆணியில் தொங்கிய போக்குவரத்துக் காவலர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள்.

"தினமும் ஒன்பதுல இருந்து ஆறு வரைக்குமா? அப்ப சிக்னல்ல வண்டிய யாருங்க நிறுத்துறது?"