வெறும் எழுத்து

மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியில், விபத்தில் அடிபட்ட மகள் அதிதிக்கு அபூர்வமான பாம்பே வகை ரத்தம் உடனே தேவைப்பட்டது. ரத்தக் கொடையாளர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு ஜெயலக்ஷ்மி அனுப்பிய சிவப்பு எழுத்துப் போஸ்டர் மூன்றாவது முறையும் திரும்பி வந்தது. ‘படம், வண்ணம் கூடாது. வெறும் எழுத்தில் அனுப்பவும்.’

குழுவை நடத்தும் ஆலுவா யூசுப்பைப் போனில் பிடித்தாள்.

“இங்கே ஒரு உயிர் போயிண்டிருக்கு. இப்போ போய் சட்டம் பேசறேளே!”

“பதறாதீங்கம்மா. என்ன வேணும், சொல்லுங்க.”

அழுதுகொண்டே சொன்னாள்.

“எனக்கும் அதே ரத்தம்தாம்மா. யாராவது வந்து கூட்டிட்டுப் போங்க.”

“மூணு மெயில் போட்டேனே! அப்பவே சொல்லப்படாதா?”

“போஸ்டர்ல இருக்கிறதை என் கம்ப்யூட்டர் வாசிச்சுச் சொல்லாதும்மா. எனக்குக் கண் தெரியாது.”