தீ வைத்தவர் பெயர்

ஒரு விடுகதை. மலையில் தீ வைத்தவன் ஒருவன். ஓடிப்போய் அணைத்தவர்கள் நாற்பது வீட்டார். குற்றவாளி யார்?

"இதெல்லாம் ஒரு விடுகதையா? வைத்தவன்தான்" என்பீர்கள்.

தாண்டிக்குடிக்கு மேலே, ஜீப் போகும் கடைசிச் சிற்றூரின் தலைவர் இராமலிங்கமும் அதையேதான் சொன்னார்.

"பன்னெண்டு ஏக்கர் சோலைக்காடு கரியாக் கெடக்குங்க சார். வச்சவன் இந்தா நிக்கிறான், கூட்டிட்டுப் போங்க. ஒருத்தன் செஞ்சதுக்கு ஊரைச் சொல்லாதீங்க."

சமுதாயக் கூடத்தில் வனத்துறை ரேஞ்சர் உட்கார்ந்திருந்தார். எதிரே வேலுமணி நின்றான். முந்தின நாள் தீயை அணைத்தபோது பட்ட காயம், இரண்டு கையிலும் மஞ்சள் பூசியிருந்தது.

"ஏம்ப்பா வச்ச?"

"பழைய புல்லை எரிச்சா மாட்டுக்குப் புதுசாத் துளிர்க்கும்னுங்க."

"யாராவது சொல்லி வச்சியா?"

வேலுமணி இராமலிங்கத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"இல்லீங்க."

"இவனுக்கு எப்பவுமே அவசரபுத்தி சார்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "போன மாசங்கூட ஜீப் வர்றதுக்குள்ள நடந்தே கெளம்பிட்டான்."

"அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"இவனை ஊரை விட்டே தள்ளி வைக்கணும் சார்" என்றது இன்னொரு குரல். "ஆமா, ஆமா" என்றன நாலைந்து குரல்கள்.

வேலுமணியின் மனைவி இருளாயி மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

"பேசுங்க, நல்லாப் பேசுங்க. யார் யார் பேசுறீகன்னு பாத்துக்கிறேன்."

ரேஞ்சர் கையை உயர்த்தினார்.

"எனக்கு எழுத்தா வேணும். யார் தீ வச்சதுன்னு பேர் போட்டுக் குடுங்க. இல்லேன்னா விறகுக்கோ மேய்ச்சலுக்கோ இந்த ஊர்ல ஒருத்தரும் காட்டுக்குள்ள கால் வைக்க முடியாது."

ஊருக்கு மனு எழுதுவதெல்லாம் இராமலிங்கத்தின் மகள் சண்முகப்பிரியாதான். ஏழாம் வகுப்பு. எழுத்து அச்சுப்போல இருக்கும். தாளும் பேனாவும் வந்தன. அப்பா சொல்லச் சொல்ல எழுதினாள்.

"எங்கள் ஊரைச் சேர்ந்த வேலுமணி என்பவர், ஊர் மக்கள் யாருக்கும் தெரியாமல்..."

பேனா நின்றது.

"அப்பா, முறைன்னு எழுத வேணாமா?"

"என்ன முறை?" என்றார் ரேஞ்சர்.

"சின்னப்புள்ள, ஏதோ ஒளறுது சார். நீ எழுது தாயி."

"ஒளறலைப்பா. மாசி மாசம் வருசத்துக்கு ஒரு வீடுன்னு முறை வச்சுத்தான புல்லுக்குத் தீ வைக்கிறோம்? போன வருசம் நம்ம முறை. தீப்பெட்டிய நான்தான எடுத்துட்டு வந்தேன். அன்னிக்குக் காத்து இல்ல, புல்லோட நின்னுபோச்சு. இந்த வருசம் வேலுமணி மாமா முறை. காத்து அடிச்சிருச்சு. அம்புட்டுத்தான?"



இராமலிங்கம் குனிந்து மகளின் காதருகே சொன்னார். "ஒரு பேரோட முடியட்டும் பிரியா. அவன் பொண்டாட்டி புள்ளைகளை ஊரு பாத்துக்கும்னு நேத்தே பேசியாச்சு."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "ஊரை விட்டுத் தள்ளணும்னு இப்பத்தானப்பா சொன்னாங்க?"

"நீ எழுது பாப்பா" என்றான் வேலுமணி. "மாமா ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"நீங்க நெனைக்க மாட்டீங்க மாமா. நான் நெனைப்பேன்ல?"

"பிரியா, எல்லாரும் விறகில்லாம நிக்கணுமா?" அப்பாவின் குரல் இப்போது கெஞ்சியது. "நம்ம வீடும் சேத்துத்தான்."

அவள் அந்தத் தாளைக் கிழித்தாள். வேறு தாள் எடுத்தாள். கால் மணி நேரம் எழுதினாள். இருளாயி பக்கத்தில் வந்து நின்றுகொண்டதால் யாரும் பேனாவைப் பிடுங்க வரவில்லை.

ரேஞ்சர் தாளை வாங்கிப் படித்தார்.

'தீ வைத்தவர்கள்' என்று எழுதி, கீழே நாற்பது வீட்டுப் பெயர்களையும் வரிசையாக எழுதியிருந்தாள். முதல் வரியில் இராமலிங்கம், அவர் மகள் சண்முகப்பிரியா என்று இருந்தது.